வாசலில் நின்றுபோன வீடியோ

எங்கள் வீட்டில் சந்தேகப்படுவது, பல் துலக்குவதைப் போல, தினமும் செய்ய வேண்டிய ஒரு நல்ல பழக்கம். அப்பா கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். நாலடி போய்த் திரும்பி வந்து நான்காவது முறையும் இழுப்பார். மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ மில்லுக்குப் போகும்போது, மில்லில் எடை போடுவதற்கு முன்பே வழியில் வேறொரு இடத்தில் லாரியை நிறுத்தி எடை போட்டுக்கொள்வார். அம்மா பாத்திரத்தை நீட்டும்போது பாலைப் பார்க்க மாட்டாள், பால்காரர் முகத்தைப் பார்ப்பாள். இப்படிப்பட்ட வீட்டில் மகளாகப் பிறந்த எனக்குப் பதினொரு வயதுக்குள் யாருடைய சிரிப்பையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாமல் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் யாராவது மிட்டாய் கொடுத்தால் எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன். அதைப் புத்திசாலித்தனம் என்று பெரியவர்கள் மெச்சிக்கொண்டார்கள். அந்தப் புத்திசாலித்தனத்தைக் கொண்டு நான் செய்த முதல் பெரிய காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் அப்பா புது வீடு கட்டி முடித்த வருஷம் அது. பத்திரிகையில் புதுமனை புகுவிழா என்று அச்சடித்திருந்தாலும் எங்கள் வாயில் வருவது புண்ணியார்ச்சனைதான். விடிகாலையில் பசுவும் கன்றும் உள்ளே வந்தன, பால் பொங்கியது, எல்லாம் நல்ல நேரத்தில் நடந்தது. நல்ல நேரத்தில் வராதவர் மாமா ஒருவர்தான். அம்மாவின் அண்ணன். சேந்தமங்கலத்திலிருந்து பிறந்த வீட்டுச் சீரோடு பால் பொங்குவதற்கு முன்பே வந்திருக்க வேண்டியவர், பால் பொங்கி, அது காபியாகி, காபியும் தீர்ந்த பிறகு வந்தார். ஆனால் வந்த விதம் சாமானியமானதல்ல. மாரியம்மன் கோயிலிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் பேண்ட் செட்டு, அதற்குப் பின்னால் வரிசையாகத் தாம்பாளங்கள், தாம்பாளங்களுக்கு நடுவே கையில் கலர் பேப்பர் வெடியோடு மாமாவின் மகன்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். விசேஷ வீட்டு வாசலில் வீட்டுக்காரர் நின்று, வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கும்பிட்டு "வாங்க" என்று சொல்ல வேண்டும். மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்துச் சொன்ன "வாங்க" செல்லாது. முகம் பார்த்துச் சொன்னதாக இருக்க வேண்டும். சாம்பாரில் உப்பில்லை என்றால் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். "வாங்க" இல்லையென்றால் அடுத்த தலைமுறைக்குக் கல்யாணமாகி, அதற்குக் குழந்தை பிறந்தாலும் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள்.

அன்றைக்கு மாமா தாம்பாளங்களை ஹாலில் இறக்கி வைத்தார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பேண்ட் செட்டுக்காரர்களையும் பந்தியிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் ஆள் மூலம் சேதி வந்தது. வாங்கன்னு ஒரு வார்த்தை கேட்காத வீட்டுப் படியை இனி மிதிக்க மாட்டாராம்.

"நானு கும்பிட்டுத்தான் சொன்னேன். பேண்டு சத்தத்துல அவருக்குக் கேக்கலைன்னா அதுக்கு நானா பொறுப்பு?" என்றார் அப்பா. அம்மா அதை நம்பினாள். அவளும் அந்த நேரத்தில் ஆரத்தித் தட்டோடு அப்பாவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தது அப்பாவின் முதுகு.

இதோடு போயிருந்தால் வருஷத்துக்கு ஒரு தீபாவளி கசந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் மூன்றே வாரத்தில் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். அவர் இருப்பது மாமா வீட்டில். மாமா எங்கள் வீட்டு எண்ணைப் பார்த்தால் போனை எடுப்பதில்லை. அம்மா கிளம்பலாமா என்று கேட்டபோது அப்பா, "நீ போனயின்னா நானு தப்புப் பண்ணுனது நெசந்தான்னு ஆயிரும்" என்று சொல்லிவிட்டார். போகாதே என்று அவர் சொல்லவில்லை. எங்கள் அப்பா எதையும் நேராகச் சொல்கிறவர் இல்லை. அம்மா சேந்தமங்கலம் பஸ்ஸில் வந்து இறங்கும் பூக்காரம்மாவிடம், அப்புச்சி கஞ்சி குடித்தாரா, தூங்கினாரா என்று விசாரித்துக்கொண்டு நாட்களை ஓட்டினாள். வேண்டாத பூவையெல்லாம் வாங்கினாள்.

இந்த நேரத்தில்தான் வீடியோ வந்தது. நாமக்கல் வீடியோக்காரர் ஆல்பமெல்லாம் தயாராக மூன்று மாதம் ஆகும் என்று சொல்லி, எடுத்ததை அப்படியே ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார். எங்கள் டிவி பழைய பெட்டி, அதில் பென் டிரைவ் செருக வழி கிடையாது. வீடியோக்காரர் தன் கடைக்கு வந்து பார்க்கச் சொன்னார். ஆனால் அவர் மாமாவின் மாமனார் ஊர்க்காரர். "அவன் மிசின்ல அவன் காட்டறததான் நாம பாக்கோணும்" என்று அப்பா மறுத்துவிட்டார். மிச்சமிருந்தது சித்தப்பாவின் லேப்டாப் ஒன்றுதான்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பழுது பார்க்கும் வேலை. அந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவர் மாமா. ஏதோ ஆபீசில் வேண்டாமென்று ஒதுக்கிய லேப்டாப்பை அவர் எடுத்து வைத்திருந்தார். வழக்கமான விண்டோஸ் அதில் நடக்க முடியாமல் மூச்சு வாங்கவே, கடை நண்பர் ஒருவர் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். லினக்ஸ் இலவசம் என்று சித்தப்பா சொன்ன நாளிலிருந்தே அப்பாவுக்கு அதன்மேல் ஒரு சந்தேகக் கண். "எவனோ ஊர் பேர் தெரியாதவன் ராப்பகலா எழுதி ஓசியில குடுக்கறானாமா? உள்ள என்ன வெச்சிருக்கறானோ" என்பார். 

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஹாலில் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். பசுமாடு உள்ளே வர மறுத்து நிற்பது, பால் பொங்குவது, நான் கேமராவைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொள்வது எல்லாம் கொஞ்சம் இழுத்து இழுத்து ஓடின. அப்புறம் பேண்ட் செட்டு வந்தது. வாசலில் அப்பா நிற்பது தெரிந்தது. மாமாவின் மகன் வெடியைத் திருகினான். மினுமினுவென்று வண்ணக் காகிதம் திரை முழுக்கத் தெறித்தது. அதோடு படம் நின்றுபோனது.

சத்தம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. படத்தில் மாமாவின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து, மீசை ஓரிடத்திலும் கண் ஓரிடத்திலுமாக நின்றது. படம் மறுபடி நகர்ந்தபோது மாமா ஹாலுக்குள் தாம்பாளத்தை இறக்கிக்கொண்டிருந்தார். அப்பா பந்தலில் யாருக்கோ நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நடந்தது எதுவும் இல்லை. பின்னால் தள்ளித் தள்ளி ஐந்து முறை பார்த்தோம். ஐந்து முறையும் அதே இடத்தில் நின்றது.

பறக்கிற ஒவ்வொரு காகிதத் துண்டையும் திரையில் புதிதாக வரைய வேண்டும், சக்தியில்லாத லேப்டாப் அந்த இடத்தில்தான் மூச்சுத் திணறும் என்பது இன்றைக்கு எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் யாரும் அப்படி யோசிக்கிறவர்கள் இல்லை.

"அதென்ன கரெக்டா அந்த எடத்துல மட்டும் நிக்குது?" என்றார் அப்பா. கேட்டது லேப்டாப்பை, பார்த்தது சித்தப்பாவை. மாமா சிபாரிசு செய்த வேலையில் இருக்கிற தம்பி, மாமாவுக்காக எதையும் செய்யலாம் என்று அவர் நினைத்தார். சேதி சேந்தமங்கலத்துக்கும் போயிற்று. அங்கே மாமா, சொந்தத் தம்பியை வைத்து வீடியோவைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொன்னாராம். ஒரே ஆளை இரண்டு வீடும் இரண்டு காரணத்துக்காகச் சந்தேகப்பட்டது. நான் இரண்டு காரணத்தையும் சேர்த்து நம்பினேன்.

கடைசியில் இரு வீட்டுக்கும் பொதுவான ஒரு பெரியவர் தலையிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவை அழைத்து வருவதாகவும், எல்லாரும் சேர்ந்து வீடியோவைப் பார்த்து விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் என்றும் ஏற்பாடு செய்தார். அதற்குள் லேப்டாப்பைச் சரிசெய்ய வேண்டும். சித்தப்பா இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை வந்தார். அம்மா அவருக்குக் காபி கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"எப்படியாச்சும் அதச் செரி பண்ணிக் குடுங்க தம்பி. எங்கப்பன ஒருக்கா பாத்துப்போட்டு வந்துர்றேன்" என்றாள்.

"பண்ணீர்லாங்க அண்ணி" என்றார் சித்தப்பா.

காலாண்டு லீவு நடந்துகொண்டிருந்தது. லோடு ஏற்றப் போவதற்கு முன்னால் அப்பா என்னை லாரிக்குப் பின்னால் கூப்பிட்டார். "அவன் பக்கத்துலயே உக்காந்துக்க சாமி. என்ன பண்றான், என்னத்த அழிக்கறான்னு பாத்து வெச்சுக்க" என்றார். அதுவரை எனக்கு யாரும் இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்ததில்லை.

சித்தப்பா லேப்டாப்பை இரண்டு டம்ளர்களைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தார். அடியில் காற்றுப் போவதற்காம். எனக்கு அதுவே ஒரு மாதிரி இருந்தது. டேபிள் பேனைத் திருப்பி லேப்டாப்பின்மேல் வீசவிட்டார், எங்கள் இருவருக்கும் வியர்த்து ஊற்றியது. கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து அதில் வெள்ளை எழுத்தில் என்னென்னமோ அடித்தார். ஒரு தடவை அது பாஸ்வேர்ட் கேட்டது. அவர் விரல்கள் கீபோர்டில் ஓடின, ஆனால் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாகவாவது வரும். கண்ணுக்குத் தெரியாமல் எழுதுகிறவரை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். இதை அப்பாவிடம் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று மனதில் முடிந்துவைத்தேன்.

வேறு பிளேயரில் ஓட்டிப் பார்த்தார், நின்றது. ஜன்னல்கள் மிதந்து வருவது, நிழல் விழுவது மாதிரியான அலங்காரங்களையெல்லாம் நிறுத்திவிட்டுப் பார்த்தார், நின்றது. படத்தைச் சின்னதாக்கிப் பார்த்தார், ஒரு விநாடி தள்ளி நின்றது. ஒவ்வொரு முறையும் அதே கலர் காகிதம், அதே உடைந்த மீசை. சனிக்கிழமை காலையில் எதையோ படித்துக்கொண்டே வந்தவர் தலையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் உஷாரானேன்.

"இங்க பாரு சாமி, படம் வரையறதுக்குன்னே இதுல தனியா ஒரு சிப்பு இருக்குது. அது சும்மா தூங்குது. பந்திக்கு ஆளெல்லாம் இருந்தும் சமையக்காரரே பரிமாறி, அவரே எலையும் எடுத்தா என்னாகும்? அந்த மாதிரி பிராசஸரே எல்லாத்தையும் இழுத்துக்கிட்டுக் கெடக்குது" என்றார்.

நண்பர் லினக்ஸ் போட்டபோது திரை வராமல் இருட்டாக நின்றிருக்கிறது. அப்போதைக்குத் திரை வரட்டும் என்று, லேப்டாப் எழுந்திருக்கும்போது படிக்கிற வரியில் ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டு, பிறகு எடுக்க மறந்திருக்கிறார். நோமோட்செட் என்பது அந்த வார்த்தை. படத்துக்கான சிப்பைத் தொடாதே என்பதுதான் அதன் சுருக்கமான பொருள். இதையெல்லாம் சித்தப்பா எனக்கு ஒளிவுமறைவில்லாமல்தான் சொன்னார். இவ்வளவு விளக்கமாக ஒருவர் சொல்கிறாரென்றால் எதையோ மறைக்கிறார் என்பது எங்கள் வீட்டுப் பாடம். அவர் அந்த வார்த்தையை அழித்ததை மட்டும் நான் கவனமாகப் பார்த்துக்கொண்டேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டார். அது எழுந்து வருவதற்குள் அம்மா என்னைத் தயிர் வாங்கிவர அனுப்பிவிட்டாள்.

தயிரோடு ஓடிவந்தபோது பேண்ட் சத்தம் வாசல் வரை கேட்டது. உள்ளே போகாமல் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒற்றர் என்றால் அப்படித்தானே செய்ய வேண்டும். லேப்டாப்பின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் அம்மாவும் சித்தப்பாவும். படம் ஓடுகிறது என்பது அம்மாவின் முகத்திலேயே தெரிந்தது, ஏனென்றால் அவள் கண் ஒரே இடத்தில் நிற்காமல் எதையோ பின்தொடர்ந்தது. கலர் வெடியின் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவள் கண் அசையவே இல்லை. சித்தப்பா நிறுத்தினார். அம்மா ஏதோ சொன்னாள், மறுபடி போட்டார். மறுபடியும் அதே சத்தம். சித்தப்பா திரையைப் பார்க்காமல் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அம்மா மிக மெதுவாக இரண்டு வார்த்தை பேசினாள். எனக்குக் கேட்கவில்லை. சித்தப்பா தலையை ஆட்டினார். அம்மா வெளியே வந்து கொடியில் கிடந்த துணிகளை எடுக்க ஆரம்பித்தாள். அவை இன்னும் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தன.

நான் ஒன்றும் தெரியாதவள்போல் உள்ளே போய்ச் சித்தப்பாவின் பின்னால் நின்றேன். அவர் கறுப்புத் திரையைத் திறந்து, கண்ணுக்குத் தெரியாத பாஸ்வேர்டை அடித்து, காலையில் அழித்த அதே வார்த்தையை அதே இடத்தில் திரும்ப எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக மனதுக்குள் படித்தேன். சந்தேகமே இல்லை. ஓடுகிற வீடியோவை வேண்டுமென்றே நிறுத்துகிறார். அப்பா அன்றைக்கென்று லோடோடு வெளியூரில் மாட்டிக்கொண்டார், மறுநாள் காலை வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். என்னால் அவரிடம் தனியாகப் பேச முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். சொன்ன சொல் தவறாதவர் என்பதால் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. ரோட்டோரம் நின்ற எங்கள் லாரியின் நிழலில் நாற்காலி போடச் சொன்னார். ரோடு பஞ்சாயத்துக்குச் சொந்தம், அதில் உட்கார யாரும் வாங்க என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளேயிருந்து வயர் இழுத்து, ஸ்டூலில் லேப்டாப்பை வைத்தார்கள். வெயில் வெளிச்சத்தில் திரை தெரியவில்லை. அம்மா ஒரு போர்வையைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்றரை மாதமாக முகத்தில் விழிக்காத மாமாவும் அப்பாவும், நடுவில் அந்தப் பெரியவருமாக மூன்று தலைகள் ஒரு போர்வைக்குள் போயின. பக்கத்தில் நின்று சித்தப்பா வீடியோவைப் போட்டார். பேண்ட் முழங்கியது, வெடி வெடித்தது.

"நின்னுபோச்சு" என்று போர்வைக்குள்ளிருந்து பெரியவரின் குரல் வந்தது.

போர்வை விலகியது. மாமாவின் முகம் சிவந்திருந்தது. அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இதற்குமேல் பொறுக்க எனக்கு முடியவில்லை.

"நேத்து இது நல்லா ஓடுச்சுங்க மாமா. சித்தப்பா ஒரு வார்த்தைய அழிச்சாரு, ஓடுச்சு. அப்பறம் அதே வார்த்தையத் திரும்பப் போட்டு நிறுத்திப்போட்டாரு. நானு பாத்தேன்" என்றேன்.

அம்மா காபித் தட்டோடு வாசல்படியில் நின்றிருந்தாள். மாமா சித்தப்பாவைப் பார்த்து, "ஏப்பா, புள்ள சொல்றது நெசமா?" என்று கேட்டார்.

"நெசந்தானுங்க."

"அப்ப இன்னொருக்கா அழிச்சுப்போட்டு ஓட்டு, பாக்கலாம்."

"இனி ஓடாதுங்க. பைலே கெட்டுப்போச்சு. நாந்தான் நோண்டிக் கெடுத்துப்போட்டனுங்க" என்றார் சித்தப்பா.

மாமா என் பக்கம் திரும்பி, ஓடியதில் என்ன இருந்தது என்று கேட்டார். எனக்குத் திரையின் பின்பக்கம்தான் தெரிந்தது என்ற உண்மையைச் சொன்னேன். எங்கள் வீட்டில் சந்தேகத்துக்குப் பேர்போனவர் அப்பா. அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. தம்பியைப் பிடித்து உலுக்கி, படத்தில் தான் கும்பிட்டது தெரிந்ததா இல்லையா என்று கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ரெண்டு ஊட்டையும் மோதவிட்டு வேடிக்கை பாக்கறதுக்கு என்ற தம்பியே போதும் மச்சான்" என்றார். மாமாவும் சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இவனைப் போய் அந்தக் கடையில் சேர்த்துவிட்டேனே என்று சலித்துக்கொண்டார். அத்தனை நாளும் ஒருவரையொருவர் நம்பாதவர்கள், ஒரே ஆளை நம்பாமல் போனதும் ஒன்றாகிவிட்டார்கள். அப்பா எழுந்து மாமாவின் கையைப் பிடித்து, "வெயில்ல என்னத்துக்கு மச்சான், உள்ள வாங்க" என்றார். பெரியவர் சாட்சியாக, முகம் பார்த்து, இரண்டு கையும் சேர்த்து.

மாமா படியேறினார். சித்தப்பா வயரைச் சுருட்டி, லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். சாப்பிட்டுப் போகச் சொல்லி அவரை யாரும் கூப்பிடவில்லை. அம்மா காபித் தட்டை வைத்துவிட்டு வாசலுக்கு வருவதற்குள் அவர் தெருமுனையைத் தாண்டியிருந்தார். அந்த மாதக் கடைசியில், மாமா சொல்லித்தானோ என்னவோ, அவருக்கு அஸ்தம்பட்டி வேலை போய்விட்டது. ஓசூர்ப் பக்கம் எங்கோ வேலை தேடிக்கொண்டார். பல வருஷம் பொங்கலுக்குக்கூட வரவில்லை. அப்பா அவரைப் பற்றிப் பேச மாட்டார். திருடனைக் கண்டுபிடித்துக் கொடுத்த பெருமையோடு நான் அடுத்த வகுப்புக்குப் போனேன்.

போன வருஷம் பீரோவை ஒழித்தபோது அம்மாவின் கூரைப்புடவை மடிப்பில் அந்தப் பென் டிரைவ் கிடைத்தது. என்னிடமும் ஒரு பழைய லேப்டாப், அதிலும் லினக்ஸ்தான். பைல் கெட்டுப்போகவே இல்லை. கலர் காகிதம் பொலபொலவென்று உதிர்ந்து முடிந்ததும் மாமா தெரிகிறார். தாம்பாளத்தைப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டு, தாமதமாக வந்த கூச்சத்தோடு அவர்தான் முதலில் கும்பிடுகிறார். அப்பா அவரை நேருக்கு நேர் பார்க்கிறார். இரண்டு கையும் மார்பின்மேல் கட்டியிருக்கிறது. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாற்காலி எடுக்கப் போகிறார். பின்னால் அம்மா ஆரத்தித் தட்டோடு, கணவன் முகம் தெரியாத இடத்தில் நின்று, அண்ணனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அதை நான் மூன்று முறை பார்த்தேன். அப்புறம் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். "அதெல்லாம் என்னத்துக்கு சாமி இப்ப. அண்ணி அன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, பழையபடி நிக்கற மாதிரியே பண்ணிருங்கன்னு" என்றார்.

ஆனால் அந்தப் பதினொரு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. லாரி நிழலில் பஞ்சாயத்து முடிந்த மூன்றாம் நாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு சேந்தமங்கலம் போனாள். அப்புச்சி சுருங்கிப்போய்க் கட்டிலில் கிடந்தார். அவருக்கு அவள் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏம்மிணி, அன்னைக்கு மாப்பள நெசமாலுமே வாங்கன்னு சொன்னாரா?" என்று கேட்டார்.

"சொன்னாங்கண்ணா. நானு பின்னாலதான நின்னேன், என்ற காதுல கேட்டேன்" என்றாள் அம்மா. அப்புச்சியின் வாயோரம் வழிந்த கஞ்சியைத் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மா, பக்கத்தில் நான். எனக்கு ஒரு கணக்கு இடித்தது. "நீங்கதான் காதுல கேட்டீங்கல்லம்மா, அத அன்னைக்கே சொல்லியிருந்தா வீடியோவே பாத்திருக்க வேண்டியதில்லையே?" என்றேன். அவள் புதுச்சத்திரம் தாண்டும் வரை வெளியே ஓடுகிற கோழிப்பண்ணைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "உன்ற சித்தப்பன் மேல உனக்கென்ன சாமி அத்தன கோவம்?" என்று கேட்டாள்.

"ஏன், உங்களுக்குக் கோவம் இல்லியா?"

"இருக்குது" என்றாள்.

யார் மேல் என்று நான் கேட்கவில்லை. மிட்டாய் கொடுத்தால்கூட எதற்கு என்று கேட்கிறவள், அதை மட்டும் கேட்காமல் விட்டேன். சித்தப்பா மேல்தான் என்று எடுத்துக்கொண்டு, அம்மாவும் என் கட்சி என்ற நிம்மதியில் அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனேன்.